பதியாத காரின் விலை

விலை பேசப் போகிறவர் தேவையைக் காட்டக்கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மருதமுனையில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம்தான். மீன் வாங்கப் போனால் வேண்டிய மீனைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். முதலில் வேண்டாத மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "இது எப்ப புடிச்ச மீன், போன கிழமையா?" என்று கேட்டு, மீன்காரருக்குக் கொஞ்சம் சூடேற்றிவிட்டு, போகிற போக்கில் வேண்டியதைக் காட்ட வேண்டும். நான் மீனில் கெட்டிக்காரி. பாரைக்கு விலை கேட்கும்போது என் முகத்தைப் பார்த்தால் எனக்கு மீனே பிடிக்காது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

கார் வாங்கப் போனபோது அந்த முகத்தை வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

யுத்தம் முடிந்து, எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் செக்பொயின்ற்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பொத்துவில் பக்கம் பாதைக்குப் புதிதாகத் தார் போட்ட காலம் அது. கோமாரியில் நல்ல மீன் கிடைக்குமாம் என்று சொல்லிக்கொண்டு வெறும் பாதை பார்க்கப் போனவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். கல்முனையில் கார் விற்கும் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. 'கார் சேல்' என்போம். கொடி கட்டி, பலூன் கட்டி, ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிட்டார்கள். சல்லி இருந்தவர்கள் வாங்கினார்கள், இல்லாதவர்கள் லீசிங்கில் வாங்கினார்கள். எல்லோருக்கும் எங்கேயாவது போக வேண்டியிருந்தது. அத்தனை வருடம் அடைத்து வைத்த சனம் அல்லவா.

எனக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. என் வீட்டு வாசலில், முகம் மேற்கே பார்க்க, பெற்றோல் நிறைந்த ஒரு கார் நிற்க வேண்டும். அவ்வளவுதான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கத்தாரில் வேலை செய்த என் கணவரிடம்கூட, பள்ளிக்கூடத்துக்குப் போய்வர வசதி என்றுதான் சொன்னேன். நான் நாவிதன்வெளிப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியை. இரண்டு பஸ் மாறிப் போகிறவள். அதனால் அவர் நம்பினார்.

உண்மைக் காரணம் என் உம்மா. சுனாமி வந்த காலையில் நான் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேற்கே ஓடினேன். வாப்பாவும் உம்மாவும் பின்னால் வருகிறார்கள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் உம்மாவை ஆஸ்பத்திரி விறாந்தையில், இடுப்பெலும்பு முறிந்து கிடக்கக் கண்டேன். வாப்பாவைக் காணவே இல்லை. அதற்குப் பிறகு உம்மா கைப்பிடித் தாங்கியை ஊன்றித்தான் நடந்தாள், அதுவும் கட்டிலில் இருந்து கதவு வரைக்கும். யாரும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருப்பிச் சண்டையாவது பிடித்திருப்பேன்.

மேற்கே, நற்பிட்டிமுனைப் பக்கம் குடிபோவோம் என்று உம்மாவிடம் எத்தனையோ தரம் கெஞ்சினேன். "அங்கால நுளம்பு புள்ள" என்பாள். கடலைப் பற்றிப் பேசினால் நுளம்புக் கடியைப் பற்றிப் பேசுகிறவளிடம் எதைச் சொல்ல? சுனாமிக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒரு தடவையாவது 'கடல் வருகுதாம்' என்று யாராவது கத்துவார்கள், ஊர் ஓடும். அப்படி ஒரு நாள் நான் வாசலில் நின்று கையைக் காட்டிக் காட்டியும் ஏழு ஆட்டோ நிறுத்தாமல் போயின. கடல் வரவில்லை. உம்மாவும் நானும் கட்டிலில் உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தோம். உம்மாவின் குரலில் நடுக்கமே இல்லை. எனக்கு அன்றைக்கு ஓதல் பிழைத்துக்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்துதான் எனக்குக் கால் தரிக்காமல் போனது. வகுப்பில் நின்றாலும் காது வெளியே இருக்கும். மகள் கண்டியில் தங்கிப் படித்தாள், அவளைப் பற்றிய பயம் இல்லை. உம்மாவைப் பகலில் பார்த்துக்கொண்டவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். புருஷனும் பெண்சாதியும் கைத்தறி நெய்கிறவர்கள். நல்ல சனங்கள்தான். ஆனால் ஓடுகிற நேரம் வந்தால் அவரவர் பிள்ளையைத் தூக்கத்தானே பார்ப்பார்கள்? நான் என்ன செய்தேன்?

கார் சேல்காரர் சாய்ந்தமருது ஊரவர். நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் இரண்டு ஃபோன், மேசையில் ஒரு கல்குலேட்டர். வாயால் விலை சொல்லவே மாட்டார். கல்குலேட்டரில் அடித்து நம் பக்கம் திருப்பி வைப்பார். நாமும் அதில் அடித்துத் திருப்ப வேண்டுமாம். நான் அதைத் தொடவே இல்லை.

முதல் நாள் போனபோது ஒரு வெள்ளை வேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். டயரைக்கூடக் காலால் தட்டினேன். பிறகு, மூலையில் நின்ற சாம்பல் நிறச் சின்னக் காரின் மேல் ஏதோ இரக்கப்பட்டவள்போல, "இது என்ன விலை தம்பி?" என்றேன். இந்தியாவில் இருந்து வந்த புதுக் கார், இன்னும் இலக்கம் பதியாதது. இருக்கைகளில் பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை. முன்பக்கத்து இடது கதவைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்து, எவ்வளவு தூரம் விரியும் என்று பார்த்தேன். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன்.

"டீச்சர், நீங்க எஞ்சினப் பாக்கல்ல, கதவத்தான் பாக்கிறீங்க. ஊட்டுல ஏறி இறங்கக் கஷ்டப்படுற ஆள் யாரும் இரிக்காங்களா?"

கதவில் இருந்து கையை எடுத்தேன். "எனக்குத்தான் முழங்கால் நோவு" என்று பொய் சொன்னேன். அவர் என் முழங்காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். கல்குலேட்டரைத் திருப்பினார். பதின்மூன்று லட்சத்து எழுபத்தைந்தாயிரம்.

"இதுக்கா?" என்றேன். "பன்னிரண்டு தாறன்."

"டீச்சர், பன்னிரண்டுக்குக் காரட கதவுதான் தரலாம்."

நான் எழும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறிய பிறகு, அந்தக் காரை வேறு யாரும் கொண்டுபோய்விடுவார்களோ என்று ஜன்னலால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இறங்கித் திரும்பிப் போகலாமா என்றுகூட நினைத்தேன். பாண்டிருப்பு தாண்டும் வரைக்கும் அந்த நினைப்போடு மல்லுக்கட்டினேன்.

இரண்டாம் தடவை ஒரு கிழமை கழித்துப் போனேன். ஒரு கிழமையைக் கழிக்க நான் பட்ட அவதி எனக்குத்தான் தெரியும். பால் போடாத பிளேன்டி இரண்டு குடித்தோம். அவர் வரியைப் பற்றிச் சொன்னார், டொலரைப் பற்றிச் சொன்னார், துறைமுகத்தில் கட்டுகிற காசைப் பற்றிச் சொன்னார். நான் மற்ற கார் சேல்களில் விலை மலிவு என்று சொன்னேன். மற்றக் கடைகளுக்கு நான் போகவே இல்லை. பதின்மூன்று அறுபதுக்கு இறங்கினார். நான் பன்னிரண்டு ஐம்பதுக்கு ஏறினேன். அன்றிரவு கணவர் கோல் எடுத்து, "பதிமூண்டுக்கு மேல ஒரு சதம் போவாத" என்றார். "லீசிங் பக்கம் திரும்பியும் பாக்காத. வட்டி." கத்தாரில் இருந்துகொண்டு கல்முனையில் கார் விலை பேசுவது சுலபம். சரி என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முஸ்லிம் ஊர்களில் கொடுக்கல் வாங்கல் முடியும்போது ஒருவரை ஒருவர் "பொருத்தமா?" என்று கேட்போம். "பொருந்தினன்" என்று இரண்டு பேரும் சொல்ல வேண்டும். மனம் ஒப்பிக் கொடுத்தேன், மனம் ஒப்பி எடுத்தேன் என்று அர்த்தம். கடிதம், கையெழுத்து எல்லாம் பிறகு. ஒருவர் மனம் கசந்து விற்ற பொருள் வாங்கினவருக்கு உதவாது என்பார்கள். கோழி விற்றாலும் இதுதான், வயல் விற்றாலும் இதுதான். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு விலையைப் பற்றி வாய் திறக்கிறவரை ஊரில் ஒரு சதத்துக்கும் மதிக்க மாட்டார்கள்.

மூன்றாம் தடவை நான் போனது ஒரு புதன்கிழமை, பாடசாலை விட்ட பிறகு. அன்றைக்கு முடித்துவிடுவது என்ற எண்ணம். பேசிப் பேசி அவர் பதின்மூன்று நாற்பதில் நின்றார், நான் பன்னிரண்டு எண்பதில் நின்றேன். இரண்டு பேரும் களைத்துப் போயிருந்தோம். நான் கடைசி ஆயுதமாக, "எஞ்சினையாவது ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க, சத்தத்தக் கேப்பம்" என்றேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

அப்போதுதான் வெளியே கடைகளின் ஷட்டர்கள் விழுகிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு வரிசையாக. பாதையில் ஒருவர் ஓடினார். பின்னால் பத்துப் பேர். கார் சேல்காரருடைய இரண்டு ஃபோனும் ஒன்றாக அடித்தன. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள், விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

"கடல் வருகுதாம்!" என்று கத்திக்கொண்டு ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கியபடி ஓடினாள்.

அத்தனை நாளாக வைத்திருந்த முகம் எங்கே போனதென்று தெரியாது. அவருடைய சட்டைக் கையைப் பிடித்துவிட்டேன். அந்நிய ஆணின் கையைப் பிடித்தது பிறகுதான் உறைத்தது.

"தம்பி, எங்கட உம்மா கடக்கரை ஊட்டுல இரிக்கா. நடக்க ஏலா. காரை எடுங்க. நீங்க கேட்ட விலையத் தாறன். பதிமூண்டு நாப்பது. நான் பொருந்தினன். பொருந்தினன்!"

அவர் என்னைப் பார்த்தார். பொருந்தினேன் என்று அவர் திருப்பிச் சொல்லவில்லை. "ஏறுங்க" என்றார்.

ஊரே மேற்கே திரும்பி ஓட, நாங்கள் வடக்கே போனோம். ஆட்டோ, பைக், மாட்டு வண்டி, ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் நின்றபடி முப்பது பேர். எல்லோரும் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார்கள், திரும்பு, திரும்பு என்று. இலக்கத் தகடு இல்லாத காரில், பொலித்தீன் உறை சரசரக்க நான் உட்கார்ந்திருந்தேன். அவர் கலிமாவைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பாண்டிருப்பைத் தாண்டினோம். மருதமுனையில் எங்கள் ஒழுங்கைச் சந்துக்குத் திரும்புகிற முனையில் அவர் காரை நிறுத்திவிட்டார்.

நேரே பார்த்தால் ஒழுங்கை முடிகிற இடத்தில் கடல். ஒன்றுமே நடக்காததுபோல நீலமாகக் கிடந்தது.

"என்ன தம்பி? போங்க!"

"என்ட முதல் குடும்பம் இந்த ஒழுங்கையிலதான் இருந்தது டீச்சர்" என்றார். "சுனாமிக்குப் பொறகு நான் இதுக்குள்ள வரல்ல."

எனக்கு அது தெரியாது. எங்கள் ஒழுங்கையில் கடலோடு போனவர்கள் பலர். அவர்களில் ஒருத்தியைக் கட்டி, எப்போதாவது வந்துபோன சாய்ந்தமருதுக்காரர் என்று இவரை நான் அடையாளம் காணவில்லை. நடந்து போகிறேன் என்று கதவைத் திறந்தேன். அவர் கையை நீட்டி அந்தக் கதவை இழுத்து மூடினார். காரை ஒழுங்கைக்குள் விட்டார். ஒரு வீட்டு இரும்புக் கேற் பாதைக்குத் திறந்து கிடந்தது. அதில் காரின் பக்கம் உராய்ந்து கிரீச் என்றது. அவர் நிறுத்தவில்லை.

வீட்டில் உம்மா இல்லை. கட்டில் வெறுமையாக இருந்தது. கைப்பிடித் தாங்கி முற்றத்தில் சரிந்து கிடந்தது. "உம்மா! உம்மா!" என்று அறை அறையாக ஓடினேன். மலசலகூடத்துக்குள்ளும் பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தறியில் பாதி நெய்த சாறன் துணி அப்படியே நின்றது, ஆட்கள் இல்லை. கடைசியாக ஒழுங்கையில் ஒரு மீனவர், ஒரு கையில் கோழியும் மறு கையில் பெண்சாதியுமாக வந்தார். "உங்கட உம்மாவ அந்த நெசவுக்காரன் பைக்கில வெச்சிக் கொண்டுபோயிட்டான் டீச்சர். எப்பவோ போயிட்டாங்க" என்றார்.

அவரையும் பெண்சாதியையும் கோழியையும் ஏற்றினோம். பிறகு இன்னும் மூன்று பேரை ஏற்றினோம். சேற்றுக் கால்கள் பொலித்தீன் உறைக்கு மேல். கோழி என் மடியில்.

கிட்டங்கிப் பாலத்தைத் தாண்டி, நாவிதன்வெளி வயல் வட்டைக்குள் சனம் திருவிழாக் கூட்டமாய் நின்றது. ஒரு மதகில் உம்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு புதுச் சாறனால் அவளை நெசவுக்காரரின் முதுகோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவருடைய பெண்சாதி பின்னால் இருந்து பிடித்திருக்கிறாள். அவர்களுடைய பிள்ளைகளை யாரோ உழவு இயந்திரத்தில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். முதலில் உம்மாவைத்தான் கட்டினார்களாம். உம்மா கையில் யாரோ கொடுத்த கச்சான் கொட்டை. என்னைக் கண்டதும் ஏச்சுத் தொடங்கிவிட்டது.

"நீ எங்க புள்ள போன?"

"ஊட்டுக்குப் போனன் உம்மா. உங்களத் தேடி."

"கடல் வருகுதெண்டு சொல்லக்குள்ள கடலுக்கா போவாங்க? உனக்கென்ன விசரா?"

நான் மண்ணில் உட்கார்ந்து அவள் மடியில் முகத்தை வைத்து அழுதுவிட்டேன். "அண்டைக்கு உங்கள உட்டுட்டு ஓடினன் உம்மா" என்றேன். அத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னேன்.

உம்மா கச்சானை மென்று முடித்தாள். "அண்டைக்கு நீ ஓடினது சரி. வாப்பாவும் நானும் ஓடு, ஓடு எண்டு பின்னால நிண்டு கத்தினம். உனக்குக் கேக்கல்லயா? இண்டைக்கு நீ செஞ்சதுதான் புழ."

எனக்குக் கேட்டிருக்கவில்லை. அவர்கள் கத்தினார்கள் என்பதே எனக்குத் தெரியாது. உம்மா இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது, நான் ஒரு நாளும் அவளிடம் விசாரிக்கவில்லையே என்று என் மேலும் வந்தது. இரண்டு கோபத்தையும் வைத்துக்கொண்டு அவள் மடியிலேயே கிடந்தேன்.

தலையைத் தூக்கியபோது கார் சேல்காரர் கொஞ்சம் தள்ளி நின்று, கோழி செய்த வேலையைப் பொலித்தீன் உறையில் இருந்து ஒரு தடியால் வழித்துக்கொண்டிருந்தார். விலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. பொழுது சாயும் நேரத்தில் எச்சரிக்கையை நீக்கிவிட்டார்கள் என்று யாருடைய ரேடியோவோ சொன்னது. எல்லோரும் வெட்கப்பட்டவர்கள்போலச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம். உம்மா காரில் ஏற மாட்டேன் என்றாள். வந்த பைக்கிலேயே, கட்டிய சாறனிலேயே போனாள். கதவை அவ்வளவு தரம் திறந்து பார்த்த எனக்கு அது தேவைதான்.

அடுத்து வந்த நாட்கள் பொல்லாதவை. கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பொய்யையும் சேர்த்து. அவர் மறுநாள் கோல் எடுத்தார். "இங்க ஒரு மௌலவிக்கிட்டக் கேட்டன். பயத்துல சொன்ன பொருத்தம் சேராதாம். நீ குடுக்கத் தேவையில்ல."

"மௌலவி அந்தக் காருக்குள்ள இருந்தாரா?" என்று கேட்டு ஃபோனை வைத்துவிட்டேன்.

ஆனால் அவர் சொன்னது காதில் நின்றது. பதின்மூன்று நாற்பது கொடுத்தால் அது சரியான விலையா? இல்லை, அந்தக் கார் அவ்வளவு பெறாது. பன்னிரண்டு எண்பதுக்குக் கேட்டால்? கடலைப் பார்த்துக் கார் ஓட்டிய மனிதனிடம் போய், நான் பயத்தில் உளறினேன் என்று சொல்வதா? பிள்ளைகளின் கொப்பியைத் திருத்தினால் சரிக்குப் பிழை போட்டேன். அவர் ஒரு கோல் எடுத்து, 'டீச்சர், எப்ப வாறீங்க?' என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அவர் எடுக்கவில்லை. நான் வாக்கு மாறிவிடுவேன் என்று காத்திருக்கிறாரோ என்று அவர் மேலும் எரிச்சல் வந்தது.

ஆறாம் நாள் பாடசாலைக்கு லீவு போட்டு, வங்கியில் காசெடுத்து, பதின்மூன்றுக்கு மேல் வேண்டிய நாற்பதாயிரத்தைச் சீட்டுப் பிடித்த காசில் சேர்த்துக்கொண்டு, முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு கார் சேலுக்குள் நுழைந்தேன். பையை மேசையில் வைத்தேன்.

"பதிமூண்டு நாப்பது. நான் சொன்ன சொல் சொன்னதுதான்."

அவர் பையைத் தொடவில்லை. கல்குலேட்டரையும் தொடவில்லை. "இந்த விலைக்கு நான் விக்க மாட்டன் டீச்சர்" என்றார்.

"ஏன், இன்னும் கூட்டப் போறீங்களா?"

"அந்தக் காச நான் எடுத்தா, அண்டைக்கு உங்கட ஊட்டுக்கு வந்தது ஹயருக்கு வந்த மாதிரிப் போயிடும்."

வாடகைக்கு ஓடுகிற சவாரியைத்தான் ஹயர் என்போம். பையை என் பக்கம் இழுத்துக்கொண்டு, "அப்ப என்ட விலைக்குத் தாங்க. பன்னிரண்டு எண்பது" என்றேன்.

"அதுல எனக்கு நட்டம். நட்டத்துக்குத் தந்தாலும் அது அண்டைய கணக்குல சேந்துடும். உங்களுக்கு நான் ஏதோ தர்மம் செஞ்ச மாதிரி. எனக்கு ரெண்டும் வேணாம்." நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். "போன கிழம எங்க நிண்டம்? நாப்பதுலயும் எண்பதுலயும். அதுல இருந்து பேசுங்க."

பேசுவதற்கு என்னிடம் என்ன இருந்தது? என் தேவை முழுவதும் அவருக்குத் தெரியும். என் வீடு தெரியும், உம்மாவைத் தெரியும், நான் அலறிய அலறல் தெரியும். அவருடைய ஒழுங்கையும் அவர் காரை நிறுத்திய முனையும் எனக்குத் தெரியும். இப்படி ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்ட பிறகு விலை பேசுவது எப்படி என்று மீன் சந்தையில் நான் படித்திருக்கவில்லை. ஆனால் இந்த மனிதன் என்ன கேட்கிறார் என்பது விளங்கிவிட்டது. விட்டுக்கொடுத்தால் அவரை அவமதித்ததாகிவிடும்.

எழும்பிப் போய்க் காரைச் சுற்றி வந்தேன். கழுவித் துடைத்து வைத்திருந்தார். இடது பக்கம் முழ நீளத்துக்குக் கோடு.

"இதென்ன கீறல்? புதுக் கார் எண்டீங்க?"

"அது உங்கட ஒழுங்கையில கேற்றுல பட்டது டீச்சர்!"

"பட்ட நேரம் கார் யார்ட? உங்கட."

"உங்கட உம்மாவத் தேடி வரக்குள்ள பட்டது."

"உம்மா இதுல ஏறவே இல்லயே."

அவர் முகம் சிவந்துவிட்டது. மெய்யாகவே கோபம். "இப்பிடியும் ஒரு மனிசியா?" என்று வாய்விட்டே சொன்னார். எனக்கு அந்தக் கிழமையில் முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது. கீறலுக்குப் பத்தாயிரம் இறக்கினார். நான் பெயின்ற் அடிக்க இருபது ஆகும் என்றேன். கோழி இருந்த இருக்கையைக் காட்டினேன். அது உங்கள் ஊர்க் கோழி என்றார். பிளேன்டி வந்து ஆறியது. லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள், போய்த் தொழுதுவிட்டு வந்தார், விட்ட இடத்தில் இருந்து தொடங்கினோம். அவர் பதின்மூன்றுக்கு வந்து நின்றார். நான் பன்னிரண்டு தொண்ணூற்றைந்துக்கு வந்து நின்றேன். கடைசி ஐயாயிரத்துக்கு அரை மணி நேரம் சண்டை பிடித்தோம். இரண்டு பேரும் இறங்கவில்லை. முடிவில் அந்த ஐயாயிரத்தை நடுவால் பிளந்தோம். "பொருத்தமா?" என்று கேட்டேன். "பொருந்தினன்" என்றார். நானும் சொன்னேன். இந்தத் தடவை பயமில்லாமல் சொன்னேன்.

பன்னிரண்டு லட்சத்துத் தொண்ணூற்றேழாயிரத்து ஐந்நூறு. அதில் நன்றிக்கென்று நான் ஒரு சதமும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அவர் காரைத் தந்திருக்க மாட்டார்.